மழைக்கு முன் மூடியவன்

கார் வீட்டுக்கு வந்த அன்று வானத்தில் பொட்டு மேகம் இல்லை. கட்டடத்துக்குப் பின்னால் கூரையில்லாத முற்றம் ஒன்று உண்டு. குடியிருப்பவர்கள் வண்டிகளை அங்கேதான் விடுவார்கள். அவள் சுவர் ஓரமாக ஓர் இடம் பார்த்து, முன்னும் பின்னுமாக நகர்த்தி, இறங்கிப் பார்த்து, மறுபடி ஏறி, ஒருவழியாக நேராக நிறுத்தினாள். கதவைச் சாத்தும்போது, உள்ளே யாரோ தூங்குகிற மாதிரி மெல்லச் சாத்தினாள்.

அவள் கணவன் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பழைய கார்தான். கருநீலம். புரோக்கர் ஒருவர் மூலமாக வந்தது. அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். நடமாட முடியாதவர்களின் வீடுகளுக்கே போய் ரத்தம் எடுத்து வரும் வேலை. ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து மாறி மாறி அலைந்தவள், சிறுகச் சிறுகச் சேர்த்து, தானாக வாங்கிய முதல் பொருள் அது. அவன் கை கொடுக்கவும் இல்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை.

அவன் பிழைப்பே கார்தான் என்பதுதான் இதில் வேடிக்கை. கார்களுக்குக் கண்ணாடி மாற்றும் பட்டறை ஒன்றில் அவன் மூத்த கை. கட்டடத்தில் எல்லோரும் அவனைக் கண்ணாடிக்காரர் என்றே கூப்பிடுவார்கள். ஆலங்கட்டி மழை பெய்தால் ஊர் தலையில் கை வைத்துக்கொள்ளும். அவன் பட்டறையில் மட்டும் டீயோடு பலகாரமும் வரும். நொறுங்கிய கண்ணாடியோடு வந்து நிற்பவர்களிடம், முன்னாடியே ஒரு உறை போட்டு வைத்திருக்கலாமே என்று உச்சுக் கொட்டுவான்.

காரின் டிக்கியில் அப்படி ஓர் உறை இருந்தது. சாம்பல் நிறம், கனத்த துணி, நாலு மூலையிலும் கயிறு. பிரித்தால் பூஞ்சை வாடை அடித்தது. அதற்கும் அடியில், ஈரத்தில் கிடந்த இரும்பின் வாடை. ஓர் ஆளாகத் தூக்கிப் போட முடியாத கனம். மழை வரும்போல இருந்தால் கூட வந்து ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி அவள் கேட்டாள். அவன் சரி என்றான். எதைக் கேட்டாலும் சரி என்பான். எழுந்து வருவதுதான் கிடையாது. மாடியில் இருந்து குப்பையைக் கீழே கொண்டுபோவதுவரை எல்லாமே அவள்தான். இதில் அவனுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததில்லை. அவள் எங்கே போய்விடப் போகிறாள் என்ற தெம்புதான்.

காரை வாங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. அன்று அவளுக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகாமல் படுத்திருந்தாள். மத்தியானம் வெளிச்சம் திடீரென்று செத்தது. ஒரு நாழிகை காற்றே இல்லை. பிறகு, கூடை கூடையாகக் கூழாங்கல்லைக் கொட்டினாற்போல ஆலங்கட்டி விழுந்தது. மாத்திரை போட்ட தூக்கத்தில் அவளுக்கு எதுவும் தெரியாது. பட்டறையின் தகரக் கூரைக்கு அடியில் நின்றிருந்த அவனுக்கு முற்றத்துக் கார் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததோடு சரி.

சாயங்காலம், என்ன சமாதானம் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே படியேறினான். கதவைத் திறந்தவள் முகத்தில் காய்ச்சலையும் மீறி ஒரு வெளிச்சம்.

"அவ்வளவு தூரத்திலேர்ந்து இதுக்காக ஓடி வந்தீங்களா?" என்றாள். "என்னை எழுப்பக்கூட இல்லையே."

ஜன்னலில் எட்டிப் பார்த்தான். முற்றத்தில் இருந்த வண்டிகள் எல்லாம் கூரை நசுங்கி, கண்ணாடி சிதறி நின்றன. சுவர் ஓரத்தில் ஒன்று மட்டும் சாம்பல் நிற உறைக்குள் பத்திரமாக இருந்தது. நாலு கயிறும் அடியில் இழுத்து இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன.

நானில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தான். அதற்குள் அவள் முந்தானையால் அவன் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டாள். கல்யாணமான புதிதில் அவனைப் பார்த்த அதே பார்வை. அது எப்போது காணாமல் போனது என்றுகூட அவன் கவனித்ததில்லை.

"நீ நல்லாத் தூங்கிட்டிருந்தே" என்றான்.

அன்றைக்கு அவள் அவனுக்குப் பிடித்ததாகச் சமைத்தாள். காரை மூடியவன் எவன் என்ற கேள்வி சாப்பிடும்போதும் அவனை விடவில்லை. டிக்கி பூட்டியிருந்தது. மாற்றுச் சாவி வாசல் ஆணியில் அதன் இடத்திலேயே தொங்கியது.

அடுத்த மழை ஒரு விடுமுறை நாளில் வந்தது. அவன் சோபாவில் படுத்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வந்து வானம் கறுத்துவிட்டது என்றாள். இந்த ஓவர் முடியட்டும் என்றான். அவள் மறுபடி வந்தாள். இதோ என்றான். மூன்றாவது தடவை அவள் எதுவும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் நின்றதை உணர்ந்துதான் அலுத்துக்கொண்டு எழுந்தான்.

கீழே கார் மூடியிருந்தது. முதல் துளி அப்போதுதான் உறையின்மேல் விழுந்து கருத்தது.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"அன்னிக்கும் நீங்க இல்லைதானே?"

அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. போடவில்லை. ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்து முற்றத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நெற்றி துடைத்த அன்று பார்த்த அதே வெளிச்சம் அவள் முகத்தில் இருந்தது. அது இப்போது அவனுக்கானது இல்லை.

யாராக இருக்கும் என்று அவன் கணக்குப் போட ஆரம்பித்தது அப்போதுதான்.

வெளியே கிளம்பலாம் என்று கதவுக்குப் பின்னால் தொங்கிய மஞ்சள் மழைக்கோட்டை எடுத்தான். பட்டறையில் கொடுத்த கோட்டு. வெளிப்பக்கம் காய்ந்து கிடந்தது. கையை உள்ளே நுழைத்தவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

உள்பக்கம் முழுக்க ஈரம்.

சில்லென்ற ஈரம். கழுத்துப் பட்டையில் இருந்து பூஞ்சை வாடை வந்தது.

பயந்திருக்க வேண்டும். ஆனால் பொறாமை பிடித்தவனுக்குப் பயப்பட நேரம் ஏது? என் வீட்டுக்குள் வந்து, என் கோட்டை மாட்டிக்கொண்டு, என் பெண்டாட்டியின் வண்டியை மூடுகிறான் ஒருத்தன். சாவி எங்கே தொங்குகிறது என்பதுவரை தெரிந்த ஒருத்தன். அவன் புத்தி அந்த வழியில்தான் போனது. போன வழியில் நேராகக் கீழ்வீட்டு லிஃப்ட்காரர் வாசலில் கொண்டுபோய் விட்டது.

லிஃப்ட் பழுது பார்க்கும் மனிதர் அவர். தனிக்கட்டை. அவர் வீட்டு ஜன்னல் முற்றத்தைப் பார்த்த ஜன்னல். ஒருநாள் அவளுடைய ஐஸ் பெட்டியை மாடிவரை தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அப்போது அவள் சிரித்ததை அவன் மறக்கவில்லை. இத்தனை நாள் சாதாரணச் சிரிப்பாக இருந்தது. இப்போது நினைக்க நினைக்க நீண்டுகொண்டே போயிற்று. அதற்குப் பிறகு அவளை உளவு பார்ப்பதே அவன் வேலையாகிவிட்டது. போனை வைத்துவிட்டுக் குளிக்கப் போனால் போனை எடுத்துப் பார்த்தான். வேலை முடிந்து வந்தால் காரின் உள்ளே மோந்து பார்த்தான். ஒருநாள் ஓட்டுநர் இருக்கை பின்னுக்குத் தள்ளியிருந்தது. அவள் குள்ளம், அவள் கால் அந்த நிலையில் பெடலுக்கு எட்டாது. கால் நீண்ட ஆம்பிளை ஒருத்தன் சாய்ந்து உட்கார்ந்து எழுந்து போன இடம். யார் என்று கேட்டான். தெரியாது என்றாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள் என்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது.

இதைவிட மோசம், மழை வரும் நாளில் அவள் மாறிப்போனதுதான். தூரத்தில் இடி உருண்டால் போதும், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுத் தலை வாரிக்கொள்வாள். முகம் கழுவி, நல்ல புடவை ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டு ஜன்னலுக்கு வந்து நிற்பாள். இத்தனைக்கும் மூடும்போது கீழே பார்த்தது கிடையாதாம்; பார்த்தால் நின்றுவிடும் என்று தோன்றுகிறதாம். சத்தம் மட்டும் கேட்பாளாம். துணியை உதறும் சத்தம், கயிறு இழுபடும் சத்தம். கேட்டதற்கு அவளே சொன்னது இது. ஒளிக்கவில்லை. ஒளிக்காதது அவன் வயிற்றெரிச்சலை இன்னும் கிளறியது.

ஒருநாள் பட்டறையில் இருந்து நேராக லிஃப்ட்காரர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினான். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தான். கதவு திறந்தது. லிஃப்ட்காரரின் வலது கை விரல் நுனிமுதல் தோள்வரை மாவுக்கட்டில் இருந்தது. வேலையில் விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறதாம். மனப்பாடம் செய்த வார்த்தைகள் எல்லாம் வாயிலேயே கரைந்தன. நலம் விசாரிக்க வந்ததுபோல நின்று, எதையோ கேட்டுவிட்டுத் திரும்பப் பார்த்தான்.

லிஃப்ட்காரர்தான் பேச்சை எடுத்தார்.

"நானே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். போன வாரம் பகல்ல, அந்த மழையில ஒத்தை ஆளா அவ்வளவு பெரிய கவரைப் போடுறீங்க. கை சரியா இருந்தா நான் வந்து பிடிச்சிருப்பேன். கூப்பிட்டேன், நீங்க திரும்பியே பாக்கல."

"நானா?"

"மஞ்சக் கோட்டு போட்டிருந்தீங்களே. மூடிட்டு அங்கேயே நின்னீங்க. மழை விடுற வரைக்கும், அதுமேல கையை வச்சுக்கிட்டு."

அந்த மழை பெய்தபோது அவன் பட்டறையில் இருந்தான்.

மறுநாள் அவள் குளிக்கும் நேரம் பார்த்து உறையை எடுத்து, மூட்டையாகக் கட்டிப் பட்டறைக்குக் கொண்டுபோனான். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரை அறுக்கும் கத்தியால் அதைக் கிழி கிழி என்று கிழித்தான். ஒவ்வொரு கிழிசலுக்கும் ஒரு சுகம் இருந்தது. கூட வேலை செய்பவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். துண்டுகளைக் கண்ணாடிச் சில்லோடு சேர்த்துக் குப்பை லாரியில் ஏற்றிவிட்டுத்தான் கை கழுவினான்.

அந்த வாரமே மழை பெய்தது. சாயங்கால மழை. அவன் வீட்டில் இருந்தான், அவளும் இருந்தாள், யாரும் எழுந்திருக்கவில்லை. மழை விட்டதும் ஜன்னலுக்குப் போனவன் அப்படியே நின்றான்.

காரின் மேல் ஒரு கம்பளிப் போர்வை விரித்திருந்தது.

படுக்கையறைக்கு ஓடினான். கட்டிலில் அவள் பக்கத்துப் போர்வை மடிப்புக் கலையாமல் கிடந்தது. அவன் பக்கம் உரித்த மாதிரி வெறும் மெத்தை. அவன் தலையணை தரையில் கிடந்தது. தலையணை இருந்த இடத்தில், மெத்தை ஓர் ஆள் நீளத்துக்கு ஈரமாக அமுங்கியிருந்தது.

அதற்குப் பிறகுதான் அவன் புரோக்கரைத் தேடிப் போனான். புரோக்கர் முதலில் மழுப்பினார். பிடித்த பிடியில் கக்கினார். காரின் பழைய சொந்தக்காரன் அதைத் தன் மனைவிக்கென்று வாங்கினானாம். வாங்கிக் கொடுத்தானே ஒழிய, ஓட்ட விடுவதில்லை. வெயில் என்றால் மூடுவான், காற்று என்றால் மூடுவான், அவள் எங்காவது கிளம்பப் போகிறாள் என்று தோன்றினாலும் மூடிவிடுவான். ஆசையாகத்தான் செய்தான் என்று ஊரில் பேச்சு. கடைசியில் ஒரு புயல் மழையில், உறையை விடாமல் பிடித்துக்கொண்டு கிடந்தவன்மேல் சுவர் இடிந்து விழுந்தது. காருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அந்தம்மா விக்கும்போது ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க" என்றார் புரோக்கர். "பொம்பளைங்க யாருக்கும் இதைக் குடுத்துடாதீங்கன்னாங்க. நான் அதை அப்போ பெருசா எடுத்துக்கல."

வீட்டுக்கு வந்ததும் காரை விற்றுவிடலாம் என்றான். அவள் முடியாது என்றாள். புரோக்கர் சொன்னதை முழுசாகச் சொன்னான். கேட்டுக்கொண்டாள். பயப்பட்டதாகத் தெரியவில்லை. வானம் அப்போதே இருட்டிக்கொண்டு வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு விளக்குப் போட வேண்டியிருந்தது.

"செத்தவன் ஒருத்தன் உன் பின்னாடி சுத்துறான்னு சொல்றேன். உனக்கு உறைக்கவே இல்லையா?"

"உறைக்குது" என்றாள். "இந்த வீட்ல எனக்காக எழுந்து போறது அது ஒண்ணுதான். அதுவும் உறைக்குது."

அந்த ஒரு வார்த்தையில் அவன் நிதானம் போயிற்று. சொல்லக் கூடாததை எல்லாம் சொன்னான். நல்ல புடவை கட்டிக்கொண்டு ஜன்னலில் நிற்பதைச் சொன்னான். இருக்கையைச் சொன்னான். படுக்கையைச் சொன்னான். அவள் பாதியிலேயே எழுந்து, பையில் நாலு துணியைத் திணித்து, அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். போனால் போ என்று கத்தினான். கத்தியவன் ஜன்னலுக்கு ஓடினான்.

அவள் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். எஞ்சின் உறுமியது. விளக்குகள் எரிந்தன. அந்த நொடியில் முதல் ஆலங்கட்டி ஜன்னல் கம்பியில் பட்டுத் தெறித்தது. அவள் கிளம்பவில்லை. கொஞ்சம் விடட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்போலும்.

முற்றத்து மூலையில் மஞ்சளாக ஏதோ அசைந்தது.

கதவுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான். ஆணியில் கோட்டு இல்லை.

அது அவசரப்படவில்லை. கையில் சாம்பல் நிறத் துணியைச் சுருட்டிப் பிடித்திருந்தது. அவன் கத்தியால் கிழித்துக் குப்பையில் போட்ட அதே உறை. கிழிசல்களில் எல்லாம் நெருக்க நெருக்கமாகத் தையல் ஓடியிருந்தது. பின்பக்கமாக வந்து, டிக்கியின் மேல் ஒரு மூலையை வைத்து, நீவிவிட்டது. புகை வரும் குழாயை மூடிக்கொண்டு துணி தொங்கியது. பிறகு கூரையின் மேல் உருட்டிக்கொண்டே வந்தது. ஒரு கதவு மறைந்தது. இன்னொரு கதவு. முன்கண்ணாடி பக்கம் வந்ததும் அது கொஞ்ச நேரம் குனிந்து நின்றது. உள்ளே இருப்பவளைப் பார்த்தபடி.

பிறகு முன்கண்ணாடியும் மறைந்தது.

துணிக்குள் இரண்டு விளக்குகளும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தன. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் ஹாரன் அடிக்கவே இல்லை.

பட்டறைப் பையை எடுத்துக்கொண்டு அவன் படிகளில் உருண்டு புரண்டு இறங்கினான். முற்றத்தில் கால் வைத்ததும் ஆலங்கட்டி மண்டையில், தோளில், காதில் அறைந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. தடவிக்கொண்டே போய்க் கயிற்றைப் பிடித்தான். முடிச்சைத் தொடத் தொட அது இறுகியது. ரப்பர் அறுக்கும் கத்தியை எடுத்துத் துணியில் செருகி இழுத்தான். இழுத்த கிழிசலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு மடிப்பு இருந்தது. அதையும் கிழித்தான். அதற்கு அடியிலும் துணி.

மேலே நிமிர்ந்தான்.

கூரையின்மேல் மழைக்கோட்டு குப்புறப் படுத்திருந்தது. இரண்டு சட்டைக் கைகளும் இரண்டு பக்கமும் நீண்டு வண்டியைக் கட்டிப் பிடித்திருந்தன. பிடித்து இழுத்தான். வெறும் கோட்டு இல்லை அது. ஓர் ஆளின் கனம்.

தலைமூடி மெல்ல அவன் பக்கம் திரும்பியது. உள்ளே இருட்டு மட்டும் இருந்தது. பூஞ்சையும் ஈர இரும்புமாக ஒரு மூச்சு அவன் முகத்தில் பட்டது.

"இத்தனை நாள் நீ எங்க இருந்த?"

கிசுகிசுப்புத்தான். அதில் கோபம் இல்லை. இவனைப்போலவே வயிறு எரிந்து கிடந்த ஒருவனின் குரல்.

அவன் துணியின்மேல் கையை ஓட்டினான். துணி ஓரிடத்தில் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. கதவுக் கண்ணாடியின் கீழ் மூலை எது என்று அவன் விரலுக்குத் தெரியும். பையில் இருந்த சுத்தியலால் அந்த மூலையில் ஓங்கி அடித்தான். கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. துணியோடு சேர்த்துக் கிழித்துக் கையை உள்ளே விட்டான். கரும்புகை அவன் முகத்தில் அடித்தது. கதவைத் திறந்து, அவள் தோளைப் பற்றி, வெளியே இழுத்துத் தரையில் போட்டான். எதற்கும் யோசிக்காமல் அவள்மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டான். முதுகில் கல்லாக விழுந்தது. விழட்டும் என்று கிடந்தான்.

அவள் இருமினாள். மூச்சு வந்தது.

லிஃப்ட்காரர் ஒற்றைக் கையோடு ஓடி வந்தார். இன்னும் யார் யாரோ வந்தார்கள். கூரையின்மேல் இருந்த கோட்டு வழுக்கிச் சேற்றில் விழுந்தது. வெறும் கோட்டு.

ஆஸ்பத்திரியில் அவள் கண் திறந்தபோது அவன் பக்கத்தில் இருந்தான். நெற்றியில் தையல், முதுகெல்லாம் கன்றிப்போயிருந்தது. அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் இழுத்துக்கொண்டாள்.

"ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

"என்ன செஞ்சேன்? நான்தானே உன்னை வெளிய எடுத்தேன்."

"மூடுனது நீங்கதான். முன்கண்ணாடி வழியா குனிஞ்சு பாத்தீங்க. உங்க முகம் எனக்குத் தெரியாதா? பார்த்துச் சிரிச்சீங்க. நீங்கதான் வந்துட்டீங்கன்னு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அதான் ஹாரன்கூட அடிக்கல."

அவன் எவ்வளவோ சொன்னான். லிஃப்ட்காரரைக் கேட்டுப்பார் என்றான். லிஃப்ட்காரரைக் கேட்டார்கள். அவர் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாது. மஞ்சள் கோட்டு போட்டுக்கொண்டு மூடியதும் கண்ணாடிக்காரர்தான், உடைத்து இழுத்ததும் கண்ணாடிக்காரர்தான் என்று, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். ஆத்திரத்தில் செய்துவிட்டுப் பிறகு பயந்து காப்பாற்றியிருக்கிறான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவள் அக்காவும் அதைத்தான் நம்பினாள். அவளைக் கையோடு அழைத்துக்கொண்டு போனாள். பார்க்கப் போனவனை வாசலிலேயே நிறுத்தி, "தம்பி, இப்போதைக்கு நீங்க இங்க வராம இருக்கிறதுதான் எல்லாருக்கும் நல்லது" என்றாள்.

காரை உடைக்கும் இடத்துக்கு அவனே ஏற்றிக்கொண்டு போனான். கதவு கதவாகக் கழற்றி, எஞ்சினைப் பிடுங்கி, கூட்டை நசுக்கிப் பாளம் ஆக்கும்வரை பக்கத்திலேயே நின்றான். கோட்டையும் உறையையும் எரித்துச் சாம்பலைக் கால்வாயில் கொட்டினான். வீட்டை நாலு தடவை கழுவிவிட்டான். பூஞ்சை வாடை போய்விட்டது. அடுத்த மழையில் முற்றத்தில் எந்த வண்டியும் மூடப்படவில்லை. அதற்கடுத்த மழையிலும் இல்லை. போய்த் தொலைந்தது என்று அவன் முதல் தடவையாக நன்றாகத் தூங்கினான்.

அவள் மறுபடி பேருந்தில்தான் வேலைக்குப் போய்வருகிறாள் என்று கேள்விப்பட்டான். இனி ஒவ்வொரு மழைக்கும் எழுந்து போவது என்று முடிவு செய்திருந்தான். போய் நின்றுகொண்டே இருந்தால் என்றாவது நம்புவாள். பெரிய குடை ஒன்று வாங்கினான், இரண்டு பேர் நனையாமல் போகிற அளவுக்கு. ஒரு சாயங்காலம் வானம் கறுக்கத் தொடங்கியதுமே பட்டறையில் சொல்லிக்கொண்டு கிளம்பி, அக்கா வீட்டுத் தெருமுனையில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் போய் நின்றான். அவன் போய் வெகு நேரம் கழித்துத்தான் மழை வந்தது.

வந்த மழை சாதாரண மழை இல்லை. எதிர்ப்பக்கக் கடைகள்கூட மங்கித் தெரிந்தன. பேருந்து நின்றது. இறங்கியவர்கள் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். கடைசியாக அவள் இறங்கினாள். தோளில் ஐஸ் பெட்டி. கையில் குடை இல்லை.

அவன் குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினான். இரண்டு அடி வைத்தவன் நின்றான்.

அவள் ஓடவில்லை. எப்போதும்போல நடந்தாள். நடைபாதை நடுவே நடக்காமல், ஒரு பக்கத்தில் இன்னோர் ஆள் நடக்க இடம் விட்டு, சுவரை ஒட்டி நடந்தாள். தலை அந்த இடைவெளிப் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. புடவை காய்ந்திருந்தது. காதோரத்துச் சுருள் முடி காற்றில் ஆடியது.

சுற்றிலும் மழை ஊற்றிக்கொண்டிருந்தது. அவள்மேல் ஒரு துளி விழவில்லை.